தம்ளர் தட்டுவதும் பாட்டு வகுப்புதான்

அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கோத்தகிரியில் நாங்கள் நடத்தும் சனிக்கிழமை வகுப்பில் குழந்தைகள் தம்ளர்களைத் தட்டுகிறார்கள். "இதற்குப் பெயர் பாட்டு வகுப்பாம்" என்று எழுதிப் பரப்பியிருக்கிறார் ஒருவர். கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மனம் கேட்கவில்லை.

ஆம், அது பாட்டு வகுப்புதான். தண்ணீர் அதிகமுள்ள தம்ளரைக் கரண்டியால் தட்டினால் சுருதி இறங்கும், குறைவாக உள்ளதில் ஏறும். கண்ணைக் கட்டிக்கொண்டு, காதால் கேட்டே வரிசைப்படுத்த வேண்டும். ஒரு சிறுமி அதோடு நிற்காமல் பாட்டிலின் வாயில் ஊதிப் பார்த்தாள். அதில் தண்ணீர் கூடக் கூடச் சுருதி ஏறியது. "ஏன் தலைகீழாகக் கேட்கிறது?" என்றாள். தட்டும்போது தம்ளரும் தண்ணீரும் சேர்ந்து அதிர்கின்றன. தண்ணீர் கூடினால் அதிர்வு மெதுவாகும். ஊதும்போது அதிர்வது உள்ளேயிருக்கும் காற்று. அதன் நீளம் குறைந்தால் சுருதி ஏறும். இந்தக் கேள்வி தானாகவே எழுந்த குழந்தைக்கு ஆரோகணம், அவரோகணம் என்னும் சுர ஏற்ற இறக்கம் எவ்வளவு சுலபமாகப் பிடிபடும்!

கர்நாடக இசையின் முதல் பாடமான சரளி வரிசையில் தொடங்குவதுதான் முறை என்கிறார்கள். அதை யார் வேண்டாம் என்றது? புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் அந்த வரிசைகளில் வளர்ந்தவள்தான் நானும். மூன்று கால வேகங்களிலும் தடங்கலின்றி ஒப்பிப்பேன். ஆனால் தம்பூராவைக் கேட்டு அதன் சுருதியோடு சேர்ந்து நிற்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. காது திறக்காமலே வாய் பாடிக்கொண்டிருந்தது. அதனால்தான் கேட்பதிலிருந்து தொடங்குகிறேன்.

இந்த முறை வெளிநாட்டு இறக்குமதியாம். கும்மியும் கோலாட்டமும் எந்த நாட்டிலிருந்து வந்தன? இந்த மலையிலேயே கோத்தர் பழங்குடியினர் கொள் என்னும் குழலை ஊதி, பறை முழக்கி, வட்டமாக ஆடுகிறார்கள். ஹங்கேரியில் இசைக் கல்வியாளர் கோடாய் சொன்னதும், சொந்த மண்ணின் பாட்டிலிருந்து தொடங்குங்கள் என்பதைத்தான்.

எப்போது மேடை ஏற்றுவீர்கள் என்பதுதான் உண்மையான கேள்வி. எட்டு வயதுக் குழந்தைக்கு மேடை எதற்கு? பட்டுப்பாவாடையும் புகைப்படமும் யாருக்காக?

காணொளியின் கடைசியில் வரும் பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கைக்கு நடந்து, கடைசிக் கை வீச்சில் திரும்ப வேண்டும். ஒரு அடி முந்தித் திரும்பிவிட்டு அவனே சிரிக்கிறான். மறுசுற்றில் சரியாகத் திரும்பினான், காணொளியைப் பரப்பியவரே, அதை நீங்கள் வெட்டிவிட்டீர்கள். அந்தப் பையன் இப்போது வகுப்புக்கு வருவதில்லை. என்னை என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், பதில் சொல்லிக்கொள்கிறேன். காணொளியை இன்றே நீக்குங்கள். அவன் வீட்டுக்குப் போய் அவனிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.