ஆயுஷ்மான் அட்டை முதியோர் இல்லத்துக்குப் பணம் கட்டாது

“70 வயதானவர்களிடம் ஆயுஷ்மான் அட்டை இருந்தால் சென்னையில் எந்த முதியோர் இல்லத்திலும் இலவசமாகத் தங்கலாம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

70 வயதானவர்களுக்கு 2024 அக்டோபரில் வந்த மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டையான ஆயுஷ்மான் வய வந்தனாவுக்கு வருமான வரம்பு இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது ஆண்டுக்குத் தரும் 5 லட்சம் ரூபாய் காப்பீடு, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு மட்டும். அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சைக்கு உதவும். பிறகு அவரைக் குளிப்பாட்டி, டயப்பர் மாற்றும் உதவியாளருக்குச் சம்பளம் தராது. இல்லத்தின் அறை, சாப்பாட்டுச் செலவும் நம் தலையில்தான்.

பணம் கட்டும் முன் ஒன்று: உதவியாளர், டயப்பர், பிசியோதெரபி எல்லாம் மாதக் கட்டணத்தில் அடங்குமா, முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்று எழுதி வாங்குங்கள். பில் எகிறுவது பெரும்பாலும் அங்கேதான்.

பிள்ளைகள் கைவிட்டால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கேட்டு மனு கொடுக்கலாம். ஆதரவற்ற முதியோருக்குத் தமிழக அரசின் மாத உதவித்தொகை 1,200 ரூபாய் (இல்லக் கட்டணத்துக்கு இது எந்த மூலைக்கு?). எங்கே, எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்க, கட்டணமில்லா முதியோர் உதவி எண் 14567.