100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் 100 மெகாஹெர்ட்ஸில் சரியாக அளக்காது

"100 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலாஸ்கோப் இருந்தால் 100 மெகாஹெர்ட்ஸ் வரை வோல்டேஜைத் துல்லியமாக அளக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (ஆஸிலாஸ்கோப், சுருக்கமாக ஸ்கோப்: வோல்டேஜ் மாறுவதைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி.) அப்படி இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் அந்த எண் ஸ்கோப்பின் பேண்ட்வித்; திரையில் தெரியும் அளவு 3 டெசிபல் சரிந்துவிடும் அதிர்வெண் அது. 1 வோல்ட் சிக்னல் அங்கே சுமார் 0.7 வோல்ட்டாகத்தான் தெரியும். அதை வைத்து பவர் கணக்குப் போட்டால் பாதி காணாமல் போயிருக்கும். வீச்சை (அலையின் உயரத்தை) நம்பி அளக்க, சிக்னலின் அதிர்வெண்ணைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு பேண்ட்வித் வேண்டும்.

அப்புறம் புரோப், அதாவது சர்க்யூட்டைத் தொட்டு சிக்னலை ஸ்கோப்புக்குக் கொண்டுவரும் முனை. அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் 10எக்ஸ் புரோபின் முனையில் 15 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருந்தால், 100 மெகாஹெர்ட்ஸில் அது சர்க்யூட்டின் மேல் வெறும் 106 ஓம் சுமை. உறையில் எழுதியிருக்கும் "10 மெகாஓம்" எல்லாம் டிசிக்குத்தான். 50 ஓம் சர்க்யூட் என்றால் கோஆக்ஸ் கேபிளில் நேராக எடுத்து, ஸ்கோப் பக்கம் 50 ஓம் டெர்மினேட்டர் போடுங்கள். டிரான்ஸ்மிட்டரை மட்டும் அட்டெனுவேட்டர் (சிக்னலின் பலத்தைக் குறைக்கும் பாகம்) இல்லாமல் ஸ்கோப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள்.