பயமுறுத்த அனாதைக் குழந்தைதான் கிடைத்ததா?

தத்துக் குழந்தை என்றதும் திரைக்கதை எழுதுபவர்களுக்கு இரண்டே யோசனைகள்தான் வரும் போலிருக்கிறது. ஒன்று, பெரிய கண்களோடு வாசலில் நின்று எல்லோரையும் உருக்க வேண்டும். இல்லையென்றால், நள்ளிரவில் கத்தியோடு கட்டிலருகே நிற்க வேண்டும்.

2009இல் வந்த 'ஆர்ஃபன்' இரண்டாவது ரகம். நன்றாகவே பயமுறுத்துகிற படம், மறுக்கவில்லை. என் கோபம் அதன் டிரெய்லரில் வந்த ஒரு வசனத்தின் மீது. பெற்ற பிள்ளையைப் போலத் தத்துப் பிள்ளையை நேசிப்பது கஷ்டமாகத்தான் இருக்கும் என்ற பொருளில் படத்தில் தத்தெடுக்கப்படும் சிறுமி பேசுவாள். தத்தெடுப்பு அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகுதான் அந்த வரியை நீக்கினார்கள். கடைசியில் அவள் சிறுமியே அல்ல, 33 வயதுப் பெண் என்று சொல்லிக் கதை நழுவிக்கொள்கிறது. (பார்க்காதவர்கள் மன்னிக்கவும், இத்தனை வருடம் கழித்தும் ரகசியம் காக்க முடியாது.) அதுவரை நம்மை நடுங்க வைத்தது எது? பூர்வீகம் தெரியாத பிள்ளையை வீட்டுக்குள் விடலாமா என்ற பழைய அச்சம்தானே?

உருக்குகிற ரகத்தையும் என்னால் நம்ப முடிவதில்லை. அடி வாங்கியே வளர்ந்த பிள்ளை, புது வீட்டில் ஒரு பாட்டு முடிவதற்குள் சிரித்து விளையாடத் தொடங்கிவிடும்.

'சிஸ்டம் கிராஷர்' என்ற 2019ஆம் ஆண்டு ஜெர்மன் படத்தில் பென்னிக்கு ஒன்பது வயது. அவள் முகத்தை யாரும் தொடக் கூடாது. தொட்டால் வீடே அதிரும்படி கத்துவாள், கைக்குக் கிடைத்ததை வீசுவாள். கைக்குழந்தையாக இருந்தபோது முகத்தில் டயாபரை வைத்து அழுத்தியிருக்கிறார்கள். படம் இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அம்மா இருக்கிறாள், ஆனால் மகளை வைத்துக்கொள்ளப் பயப்படுகிறாள். எந்த இல்லமும் அவளை நிலையாக வைத்துக்கொள்வதில்லை. அவளுக்காக இடம் தேடி அலையும் நல அதிகாரி ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் உடைந்து அழுகிறார். அப்போது அவருக்கு ஆறுதல் சொல்வது யார் தெரியுமா? பென்னிதான். அதற்காக அவள் திருந்திவிட்டாள் என்று படம் பொய் சொல்லவில்லை. அடுத்த ரகளை வரத்தான் செய்கிறது.

நம் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்திலும் எனக்குப் பிடித்தது ஒரு விஷயம். அமுதாவின் ஒன்பதாவது பிறந்தநாளன்று வளர்த்தவர்களே உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். வேறு யாராவது எடுத்திருந்தால் அதை கிளைமாக்ஸ் வரை பூட்டி வைத்திருப்பார்கள். சொன்ன பிறகு அவளுடைய கோபமும் விலகலும் வந்து விழுவது வளர்த்த அம்மாவின் மேல்தான்.

'லயன்' (2016) படத்தைக் கொண்டாடியவர்கள் கூகுள் எர்த்தில் ஊரைத் தேடிய சரூவைப் பற்றியே பேசினார்கள். சரூவைத் தத்தெடுத்த அதே வீட்டுக்கு இரண்டாவதாக ஒரு பையன் வருவான். வந்ததுமே தன் தலையில் தானே அடித்துக்கொள்வான். வளர்ந்து ஆளான பிறகும் அவனுக்குச் சரியாகவில்லை. அவனை நாயகனாக்கி ஒரு படம் வந்தால் நம்மில் எத்தனை பேர் டிக்கெட் எடுப்போம்?