வேலையை விடாமல் முனைவர் பட்டம்: தொழில் உளவியல் படிக்க நினைப்பவர்களுக்கு

ஆன்லைனில் பிஎச்.டி செய்தால் மதிப்பு உண்டா அக்கா என்று இன்பாக்ஸில் கேட்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். பெரும்பாலும் இங்கே மலேசியாவில், பினாங்கு சுற்றுவட்டாரத்தில், பாயான் லெப்பாஸ், பிறை, கூலிம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எச்.ஆர், டிரெய்னிங், சேஃப்டி வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போடுவதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மற்றத் துறைகளைப் பற்றி நான் பேசவில்லை. நான் படித்துக்கொண்டிருக்கும் தொழில், நிறுவன உளவியலை, அதாவது ஐ.ஓ. சைக்காலஜியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வேலையை விட்டுவிட்டு வளாகத்தில் போய் உட்கார்ந்து படிப்பவரைவிட, வேலையில் இருந்துகொண்டே ஆன்லைனில் படிப்பவருக்கு இந்தத் துறை நன்றாகக் கைகொடுக்கும். ஆனால் அதே வேலை உங்கள் ஆய்வைக் கெடுக்கவும் செய்யும். விளம்பரங்களில் முதல் பாதி பெரிதாக வருகிறது. இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இது மனநோய்க்கு வைத்தியம் பார்க்கும் படிப்பு இல்லை. ஆளெடுப்பது, பயிற்சி கொடுப்பது, சோர்வு, ஊக்கம், தலைமை, குழுவாக வேலை செய்வது, இவற்றை அளந்து பார்த்துப் புரிந்துகொள்ளும் படிப்பு. நம் நாட்டில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள் 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். கவுன்சிலர்களுக்கு 1998ஆம் ஆண்டின் 580ஆம் சட்டம் இருக்கிறது, பதிவு செய்துதான் தொழில் செய்ய முடியும். ஐ.ஓ.வில் முனைவர் பட்டம் வாங்கினாலும் இந்த இரண்டு கதவும் திறக்காது. நாலு பேருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும், கவுன்சிலிங் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில் இதில் சேர நினைப்பவர்கள், தயவுசெய்து பணம் கட்டுவதற்கு முன்னால் நின்று யோசியுங்கள். உங்கள் ஆசை நல்ல ஆசை, அதற்கான படிப்பு வேறு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தத் துறையில் எல்லாப் பாடப் புத்தகத்திலும் வருவது ஹாதோர்ன் ஆய்வு. சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆலை, 1924இல் தொடங்கி 1932 வரை. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று ஆரம்பித்தார்கள். பிறகு ரிலே என்ற சின்ன மின்கருவியைப் பூட்டும் சில இளம்பெண்களைத் தனி அறையில் உட்காரவைத்து, இடைவேளையை மாற்றி, வேலை நேரத்தை மாற்றிப் பார்த்தார்கள். தங்களைக் கவனிக்கிறார்கள் என்பதாலேயே உற்பத்தி கூடியது என்று வகுப்பில் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். இந்த முடிவுக்கு ஆதாரம் போதாது என்று பின்னால் வந்தவர்கள் அந்தத் தரவை மறுபடி அலசிக் காட்டியிருக்கிறார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது அதுகூட இல்லை. அந்த அறையிலிருந்த பெண்களில் இருவரை, அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928 தொடக்கத்தில் எடுத்துவிட்டு வேறு இருவரைப் போட்டார்கள். ஆய்வில் இருப்பவரை ஆய்வு நடத்துபவரே வெளியே அனுப்ப முடியும் என்றால், அங்கே யார் மனம்விட்டுப் பேசுவார்கள்?

பினாங்கில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது வேறு மாதிரிப் படுகிறது. 1972இல் பாயான் லெப்பாஸில் ஃப்ரீ டிரேட் ஸோன் வந்தது. இன்டெல் அதே ஆண்டில் இங்கே வந்துவிட்டது. கம்பத்துக் கிராமங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் பெண்கள் பஸ் ஏறி வந்து மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அவர்கள் செய்ததும் சின்னச் சின்னப் பாகங்களைப் பூட்டும் வேலைதான். அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் இன்று அதே ஆலைகளில் எச்.ஆர் எக்சிகியூட்டிவ். இந்தப் படிப்புக்கு நம்மைவிடப் பொருத்தமானவர்கள் யார் என்று நான் நிஜமாகவே கேட்கிறேன்.

ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979இல் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் எல்லாரும் எடுத்தாளும் கட்டுரை. வேலைப் பளு மட்டும் ஆளை முறிப்பதில்லை, பளு அதிகமாக இருந்து தன் கையில் எந்த முடிவும் இல்லாதபோதுதான் ஆள் முறிகிறான் என்பது அதன் சாரம். அமெரிக்க, ஸ்வீடன் தொழிலாளர்களின் தரவை வைத்துச் சொன்னார். கழிவறைக்குப் போக வேண்டுமென்றாலும் லைன் லீடர் மாற்று ஆளை அனுப்பும்வரை காத்திருக்கும் ஒரு ஆப்பரேட்டரைப் பக்கத்திலிருந்து பார்த்தவருக்கு அந்தக் கட்டுரை ஒரே வாசிப்பில் புரிந்துவிடும். வளாகத்தில் மட்டுமே இருந்த என் சக மாணவர்கள் சிலருக்கு அது வெறும் வரைபடம். வேலையில் இருப்பவருக்குக் கிடைக்கும் அனுகூலம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இப்போது கெடுக்கும் பக்கம்.

எனக்குத் தெரிந்த ஒரு தொழிற்சாலையில் வேலைத் திருப்தி பற்றி சர்வே எடுத்தார்கள். காலை ஏழு மணி, நைட் ஷிப்ட் முடிந்து ஆட்கள் லாக்கர் பக்கம் வரும்போது கையில் படிவத்தைக் கொடுத்தார்கள். வெளியே கம்பெனி பஸ் நிற்கிறது. ஒரு அக்கா படிவத்தை வாங்கிக்கொண்டு, "இதுல பேட்ஜ் நம்பர் போடணுமா?" என்று கேட்டார். போட வேண்டும் என்றார்கள். அவர் ஒரு கேள்வியும் படிக்கவில்லை. மேலிருந்து கீழ்வரை நான்காவது கட்டத்திலேயே டிக் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் நின்ற நேபாளத் தம்பி அவர் தாளை எட்டிப் பார்த்துவிட்டு மூன்றாவது கட்டத்தில் அதேபோல ஒரே நேராகப் போட்டார்.

இதில் கொடுமை என்னவென்றால், இப்படி ஒருவர் முழுக்க நான்கும் இன்னொருவர் முழுக்க மூன்றும் போட்டால் கேள்விகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போவதுபோலத் தெரியும். அந்த ஒத்துப்போவதை அளந்து காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் அழகாக உயரும். கணினியில் பார்ப்பவருக்கு நம்பகமான அளவுகோல். ஆய்வேட்டில் ஏற்றி, பட்டமும் வாங்கிவிடலாம். அந்த அக்காவின் மனதில் இருந்த ஒரு சொல்லும் அதில் இருக்காது.

நீங்கள் எச்.ஆரில் இருந்துகொண்டு உங்கள் கம்பெனி ஆட்களையே ஆய்வுக்கு எடுத்தால், நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர்கள் கண்ணுக்கு நீங்கள் இன்க்ரிமென்ட் போடும் இடத்து ஆள். மனமுவந்த சம்மதம் உங்களுக்குக் கிடைக்காது. ஆகவே கம்பெனியிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். பெயரும் பேட்ஜ் நம்பரும் வேண்டாம். படிவத்தைக் கொடுப்பதும் வாங்குவதும் அவர்களின் மேலதிகாரி வரிசையில் இல்லாத வெளியாளாக இருக்கட்டும். முடியாது என்று சொன்னவர் யாரென்று உங்களுக்கே தெரியக்கூடாது. முடிந்தால் வேறு ஆலைக்குப் போங்கள். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தரும் முன் ஒரு தாளையும் கையில் வாங்காதீர்கள், அந்தத் தரவைப் பயன்படுத்த விடமாட்டார்கள். இந்தக் குழுவை ஏதோ தடங்கல் மாதிரிப் பேசுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் குழு நிற்பது அந்த அக்காவுக்காக.

அடுத்தது அங்கீகாரம். உள்ளூர்ப் படிப்பு என்றால், உயர்கல்விப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் மலேசியத் தகுதி நிறுவனமான எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டை இணையத்தில் இலவசமாகவே தேடலாம். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரும் அந்தப் படிப்பின் பெயரே இருக்க வேண்டும். வெளிநாட்டுப் படிப்பு என்றால் பணம் கட்டும் முன் எம்.கியூ.ஏ.வுக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். அரசாங்க வேலைக்கோ விரிவுரையாளர் வேலைக்கோ போகும் எண்ணம் இருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. இன்னொன்று: அமெரிக்க உளவியல் சங்கமான ஏ.பி.ஏ, கிளினிக்கல், கவுன்சிலிங், பள்ளி உளவியல் முனைவர் படிப்புகளுக்குத்தான் அங்கீகாரம் தருகிறது. ஐ.ஓ.வுக்குத் தருவதே இல்லை. எங்கள் ஐ.ஓ. படிப்புக்கு ஏ.பி.ஏ அங்கீகாரம் உண்டு என்று ஒரு ஏஜென்ட் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பட்ட ஆசையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். நம் சமூகத்தில் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளும் ஆசை பெரிய ஆசை. கல்வி மறுக்கப்பட்ட தலைமுறைகளிலிருந்து வந்தவர்கள் நாம், அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் பணத்துக்குப் பட்டம் விற்பவர்கள் நம் ஆட்களைக் குறிவைக்கிறார்கள். ஆய்வு இல்லை, வழிகாட்டி இல்லை, ஒரு ஹோட்டலில் விருந்து, அங்கி, புகைப்படம். பத்து வருடம் உழைத்து நேர்மையாகப் பட்டம் வாங்கிய நம் பெண் ஒருத்தி அதற்குப் பிறகு ஒரு நேர்முகத் தேர்வில் உட்காரும்போது, எதிரே இருப்பவர் அவளுடைய பட்டத்தையும் சந்தேகமாகப் பார்க்கிறார். அந்த நஷ்டத்தை யார் கட்டுவது?

செலவையும் நேரத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் 12 அல்லது 13 மணி நேர வித்தியாசம். அங்கே மாலை வகுப்பு என்றால் இங்கே காலை, நீங்கள் வேலைக்குக் கிளம்பும் நேரம். சேரும் முன்பே அட்டவணையைக் கேளுங்கள். பகுதி நேரம் என்றால் நான்கைந்து வருடத்துக்குக் குறையாது என்றே வீட்டில் சொல்லி வையுங்கள். உள்ளூரில் அங்கீகாரம் பெற்ற இடத்தில் படித்தால் ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு கேட்கலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் பணத்துக்கு அது கிடையாது. ஆய்வுக்கு வழிகாட்டும் சூப்பர்வைசர் யாரென்று தெரியாமல் எங்கேயும் கையெழுத்துப் போடாதீர்கள். ஆன்லைனில் பாதியில் நிற்பவர்களில் நான் பார்த்த பலர் பாடங்களை முடித்தவர்கள். ஆய்வேடு என்று வந்த பிறகு, மின்னஞ்சலுக்குப் பதில் போடாத வழிகாட்டியிடம் மாட்டிக்கொண்டவர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் படி என்கிறேன்? கேட்க ஆளில்லாத கேள்விகள் இங்கே கொட்டிக் கிடக்கின்றன. லீ ஹுவோக் ஆன், முகமட் அப்துல் காலிட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கற்பனையான மலாய், சீனப் பெயர்களில் பட்டதாரி விண்ணப்பங்களைத் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பி, யாருக்கு நேர்முக அழைப்பு வருகிறது என்று பார்த்தார்கள். சீனப் பெயர்களுக்கு வந்த அழைப்புகள் பல மடங்கு அதிகம். முக்கியமான ஆய்வு. இந்தியப் பெயர்கள் அதில் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்க, ஆளெடுக்கும் மேசையில் தினமும் உட்காரும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்ச் சமைத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தூங்கும் அம்மாவின் சோர்வை எந்த அளவுகோல் அளக்கும்? ஒரே லைனில் வங்காளதேசத் தொழிலாளியும் உள்ளூர்க்காரரும் வேலை செய்யும்போது பாதுகாப்பு பற்றி யார் வாய் திறக்கிறார்கள், யார் திறப்பதில்லை?

இப்படி ஒரு கேள்வி உங்களிடம் இருந்தால், அதை ஒரே பக்கத்தில், தமிழிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ, எழுதி எனக்கு அனுப்புங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து படித்துப் பதில் எழுதுகிறேன்.