அந்தத் தாய் மட்டும் இல்லை

லண்டனில் எங்கள் பகுதிக் கடையொன்றில் செவ்வாய் இரவு நடந்ததை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். அந்த நாற்பது செக்கன் வீடியோ என்னுடைய போனுக்கே எங்கள் தமிழ்க் குழுக்கள் ஆறிலிருந்து வந்தது. கடைக்குள் வாணம் பாய்வது, பால் பிரிட்ஜுக்கு முன்னால் நின்ற அண்ணை கையால் முகத்தை மறைப்பது, வெளியே ஐந்து பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ஓடுவது. அதை நான் இங்கே திரும்பப் போடப் போவதில்லை. இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடாமல் செய்தவை அதற்குக் கீழே எங்கள் ஆட்கள் எழுதியவை.

"தாய்க்குத்தான் முதலில் விலங்கு மாட்ட வேண்டும்" என்று ஒருவர். "தகப்பன் இல்லாத வீடுகள், வேறென்ன வரும்" என்று இன்னொருவர், அதற்கு நூற்றுக்கு மேல் லைக். புதன் மத்தியானம் வரைக்கும் இப்படியே போனது. பிறகு அந்த ஐந்து பேரில் ஒருவன் தமிழ்ப் பிள்ளை என்று தெரியவந்தது. அதற்குப் பிறகு அதே ஆட்கள் எழுதியவற்றை ஒருக்கா வாசித்துப் பாருங்கள். "கூடாத சேர்க்கை." "மற்றப் பெடியள் சேர்ந்து பழுதாக்கிப்போட்டாங்கள்." மற்ற நாலு பேருக்கும் வளர்ப்புப் பிழை, எங்கள் பிள்ளைக்கு மட்டும் சேர்க்கைப் பிழையா?

பிள்ளை செய்ததற்குப் பெற்றவள் பொறுப்புத்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் மட்டும் இல்லை. அவள் மட்டும் இல்லை என்பதைத்தான் இன்றைக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதப் போகிறேன்.

முதலில் அந்த வாணத்தையே எடுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு அதை விற்பது இந்த நாட்டில் குற்றம். அப்படியென்றால் 13 வயதுப் பிள்ளையின் கைக்கு அது எப்படி வந்தது? யாரோ ஒரு வளர்ந்த ஆள் விற்றிருக்கிறார், அல்லது வாங்கிக் கொடுத்திருக்கிறார். முந்நூறு கருத்துகளில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. தாய் எங்கே, தாய் எங்கே என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். தாய் வேலையில் நின்றாள். வேறெங்கே நிற்பாள்?

இதை ஏன் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன் என்று சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது. 2009இல் என் மூத்த மகனுக்கு 13 வயது. இவர் இரவு பெற்றோல் செட்டில், நான் முதியோர் இல்லத்தில் மத்தியானம் இரண்டு மணி தொடக்கம் இரவு பத்து மணி வரை. ஒருநாள் வேலை முடிந்து வர, வாசலில் பொலிஸ். மகனும் வேறு மூன்று பிள்ளைகளும் ஓடும் பஸ்ஸுக்கு முட்டை எறிந்திருக்கிறார்கள். ஒரு கடதாசியைத் தந்தார்கள், இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று பிள்ளையும் பெற்றோரும் கையெழுத்திடுகிற ஒப்பந்தம். வேலைச் சட்டையோடு குசினி மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பேனை பிடித்த விரல் நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த மாதம் ஒரு சாமத்திய வீட்டில், பந்தியில் எனக்கு நேரே இருந்து, எங்கள் சொந்தத்துக்குள்ளேயே ஒருவர் சொன்னார், "இரண்டு பேரும் காசுக்குப் பின்னால ஓடினா பிள்ளை இப்படித்தான் போகும்." நாங்கள் ஓடியது வீட்டு வாடகைக்கு. அதைச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு வருகிறது.

அவனைத் திருத்தியது நானோ பொலிஸோ இல்லை. தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் ஒரு இளைஞர் கழகம் நடந்தது. பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து இரவு ஒன்பது மணி வரை கதவு திறந்திருக்கும். ஒரு பழைய மேசைப்பந்து மேசை, ரோஸ்ட் போடுகிற மெஷின், ஜமேக்காவிலிருந்து சிறு வயதில் வந்த ஒரு பெண்மணி. அவருக்கு அந்த வட்டாரத்தில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் தெரியும். என் மகன் இரண்டு நாள் வராவிட்டால் என் போனுக்கு அடிப்பார். நான் வேலையில் நின்ற அந்த எட்டு மணித்தியாலத்தில் என் பிள்ளையை ஒரு வளர்ந்த ஆள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அங்கே மட்டும்தான். இன்று அவன் எலெக்ட்ரிஷியன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

அந்தக் கழகத்தை 2013இல் மூடினார்கள். மண்டபம் இருந்த இடத்தில் இப்போது பிளாற்கள்.

எங்கள் இடத்தில் மட்டும் நடந்தது இல்லை இது. 2010இலிருந்து 2019 வரை லண்டனில் இருந்த இளைஞர் கழகங்களில் கிட்டத்தட்ட 30 சதவீதம் மூடப்பட்டன. நிதிக் கற்கைகளுக்கான நிறுவனம் (IFS) 2024இல் வெளியிட்ட ஆய்வு அதன் விளைவைக் கணக்குப் பார்த்தது. பக்கத்துக் கழகம் மூடப்பட்ட இடங்களில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குற்றம் செய்யும் வாய்ப்பு 14 சதவீதம் கூடியது, சோதனைப் பெறுபேறும் குறைந்தது. மிச்சம் பிடித்த ஒவ்வொரு பவுணுக்கும் சமூகம் கிட்டத்தட்ட மூன்று பவுண் இழந்தது. அதே வீடு, அதே தாய், அதே வளர்ப்பு. மாறியது கதவு மட்டும். அந்தக் கதவைப் பூட்டியவரின் பெயரை எந்தக் குழுவிலாவது யாராவது எழுதினீர்களா? அவருக்கு விலங்கு மாட்டச் சொன்னீர்களா?

"ஊரில் நாங்கள் இதைவிடக் கஷ்டப்பட்டு வளர்ந்தோம், கடைக்கு நெருப்பா வைத்தோம்?" என்று கேட்பீர்கள். கேட்டுவிட்டீர்கள், நாலைந்து பேர். சரி, ஊரைப் பற்றியே பேசுவோம். எங்கள் ஒழுங்கையின் முடிவில் சனசமூக நிலையம் இருந்தது. பேப்பர் வாசிக்க வயசானவர்கள், கரம் விளையாடப் பெடியள், பின்னால் வொலிபோல் வலை. கோயில் வீதி இருந்தது, பின்னேரம் ரியூசன் இருந்தது. சந்தியில் நான் யாரோடாவது இரண்டு வார்த்தை கூடக் கதைத்தால் நான் வீடு போய்ச் சேருமுன் கதை போய்ச் சேர்ந்துவிடும். அம்மா தனியாகவா என்னை வளர்த்தார்? ஒரு ஊரே கண் வைத்திருந்தது. இங்கே பின்னேரம் நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் விடுபட்ட ஒரு பிள்ளைக்கு, காசு கொடுக்காமல் இருக்கக்கூடிய இடம் எது என்று எனக்குச் சொல்லுங்கள். பஸ் தரிப்பிடமும் கோழிக்கடையும். கோழிக்கடையிலும் வாங்காவிட்டால் எழும்பச் சொல்வார்கள்.

அதைவிட ஒன்று. என் சின்ன மகளுக்கு 12 வயது இருக்கும்போது ஒரு கடைவாசலில் திடீரென்று காதைப் பொத்தினாள். "அம்மா, உங்களுக்குக் கேட்கேல்லையா?" எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பிறகுதான் விசாரித்தேன். 2005இல் வேல்ஸில் கண்டுபிடித்த கருவியாம், 'மொஸ்கிற்றோ', அதாவது நுளம்பு என்று பெயராம். வளர்ந்தவர்களுக்குக் கேட்காத உச்ச சத்தம், இளம் காதுக்கு மட்டும் குத்தும். பெடியள் கடைக்கு முன்னால் கூடாமலிருக்க மாட்டுகிறார்கள். பால் வாங்க என்னோடு வந்த பிள்ளை அவள். அவளுக்கு அந்தத் தெரு சொன்னது, நீ இங்கே வேண்டாம் என்று.

"அடிக்க விடாது இந்த நாடு, அதுதான் பிள்ளைகள் கெடுகுது." இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. தெரிந்துகொண்டு எழுதுங்கள். பிள்ளையை அடிப்பதை ஸ்கொட்லாந்து 2020இலும் வேல்ஸ் 2022இலும்தான் தடை செய்தன. இங்கிலாந்தில் "நியாயமான தண்டனை" என்ற சாட்டு இன்னும் சட்டத்தில் இருக்கிறது. அடித்துத் திருந்துவதென்றால் நாங்கள் இருக்கும் லண்டன் எப்போதோ திருந்தியிருக்க வேண்டும்.

"தண்டனை போதாது" என்கிறவர்களுக்கும் ஒரு பதில். இங்கிலாந்தில் பத்து வயதுப் பிள்ளையையே நீதிமன்றத்தில் நிறுத்தலாம். ரோனி பிளேயர் அரசாங்கம் 1998இல் சமூகவிரோத நடத்தைக்கென்றே தடை உத்தரவைக் கொண்டுவந்தது. அதே சட்டத்தில் பெற்றோருக்கும் உத்தரவு வைத்தார்கள், பிள்ளை வளர்ப்பு வகுப்புக்குப் போக வேண்டும், மீறினால் ஆயிரம் பவுண் வரை அபராதம். பிள்ளைகள் அந்தத் தடை உத்தரவைப் பட்டம் போலக் காட்டித் திரிந்த கதை உங்களுக்கு நினைவிருக்கும். பாதிக்கு மேற்பட்ட தடை உத்தரவுகள் மீறப்பட்டன. கடைசியில் 2014இல் புதுச் சட்டம் போட்டு அந்தத் தடை உத்தரவை எடுத்துவிட்டார்கள். தாயைத் தண்டித்துப் பார்த்தாயிற்று. திரும்பவும் அதையே கேட்கிறீர்கள்.

அப்புறம், "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்று ஒரு பேச்சு. 2007 அளவில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முதல்தடவையாக நீதி அமைப்புக்குள் வந்த பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். இப்போது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பொலிஸ் பிடிக்கும் முறை மாறியதும் அதற்கு ஒரு காரணம், அதை ஒளிக்கவில்லை. ஆனால் உங்கள் போனில் வருவதை வைத்து ஒரு தலைமுறையையே எடைபோடாதீர்கள்.

கடைக்கார அண்ணையின் பக்கம் நான் கதைக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். என் தம்பி கடை வைத்திருந்த நாலு வருடமும் சனி ஞாயிறு நான்தான் கல்லாவில் நின்றேன். ஷட்டரில் காய்ந்த முட்டையைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது, அவிந்து ஒட்டிவிடும், பச்சைத்தண்ணீரும் வினாகிரியும் போட்டுச் சுரண்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். காலை ஆறு மணிக்கு, கை விறைக்க, அழுதுகொண்டு கழுவியிருக்கிறேன். அந்த அண்ணைக்கு வந்த பயம் சின்னப் பயம் இல்லை. அந்தப் பிள்ளைகள் அவர் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும், உடைந்ததற்கு வேலை செய்து கொடுக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் நீங்கள் யாரும் அந்த அண்ணைக்காகவும் எழுதவில்லை. இந்த இரண்டு நாளில் அவருடைய கடைக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர்?

நேற்று அந்தத் தமிழ்ப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். தாய் சங்கிலியைக் கழற்றாமல் கதவை ஒரு சாண் திறந்தா. நானும் ஏச வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பா. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, அதே சீருடையோடு நின்றா. போனைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தா, அது விட்டுவிட்டு அதிர்ந்துகொண்டே இருந்தது. பெடியன் சோபா நுனியில், பள்ளிக்கூட ரையைக்கூடக் கழற்றாமல், தலை நிமிரவில்லை. முகத்தில் இன்னும் பால் வற்றவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு மெல்லக் கேட்டா, "அக்கா, நீங்களும் அந்தக் குழுவில இருக்கிறீங்களோ?"

ஓம் என்றேன்.

"நீங்கள் ஒண்டும் எழுதேல்லையே?"

இல்லை என்றேன். நான் எழுதாமல் இருந்ததற்கு அவ நன்றி சொன்னா. அந்த நன்றி எனக்குக் குத்தியது. அந்த இரண்டு நாளும் நான் எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன், ஒருவரைக்கூட நிறுத்தச் சொல்லவில்லை.

ஆறு குழுக்களையும் நடத்துகிறவர்களைக் கேட்கிறேன், அந்த வீடியோவை இன்றைக்கே எடுங்கள். அதில் தெரிவது பதின்மூன்று வயது முகங்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு நான் அண்ணையின் கடைக்குப் போகிறேன், தாயும் மகனும் என்னோடு வருகிறார்கள். அந்த நேரத்தில் யாரும் போனைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.