பிரேக் பிடிக்கலைன்னா டிரைவர் மட்டும்தான் குத்தவாளியா?

எங்க பெரியப்பா பையன் சேலத்துல ஆக்டிங் டிரைவர். 18 வருஷமா ஸ்டீயரிங் பிடிக்கிறாரு, ஒரு கேஸ் கிடையாது. போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை ஏற்காடு போகணும்னு ஒரு ஃபேமிலி கூப்பிட்டாங்க. வண்டி அவங்களோடதுதான், 11 வருஷ பழைய டீசல் வண்டி. அஸ்தம்பட்டி தாண்டும்போதே பிரேக் மிதிச்சா முன் வீல்ல கர்ர்னு சத்தம் வருதுன்னு அண்ணன் சொல்லிருக்காரு. அதுக்கு ஓனர், "அது ரெண்டு மாசமா அப்படித்தான் இருக்கு தம்பி, நீங்க பாத்து ஓட்டுங்க"ன்னுட்டாரு.

ஏறும்போது ஒண்ணும் தெரியல. சாயங்காலம் இறங்கும்போது 20 ஹேர்பின் பெண்டுல பாதி கூட தாண்டல, பெடல் கால் வச்சா அப்படியே அடி வரைக்கும் போயிருச்சு. கியரைக் குறைச்சு ஹேண்ட்பிரேக்கை இழுத்து சுவத்து ஓரமா உரசி நிறுத்திருக்காரு, ஆனா அதுக்குள்ள முன்னாடி போன ஸ்கூட்டர்ல இடிச்சு அந்தப் பையனுக்குக் கால் ஒடஞ்சிருச்சு. இப்ப உள்ள ராடு வச்சிருக்காங்க, காலேஜ் ஒரு வருஷம் போச்சு.

எஃப்ஐஆர் அண்ணன் மேல. ஓனர் ஸ்டேஷன்ல "டிரைவர் வேகமா வந்தாரு சார்"னு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. ஆர்டிஓ ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியப் பாத்து குடுத்த ரிப்போர்ட்ல கடைசி வரி, இயந்திரக் கோளாறால் விபத்து நிகழவில்லை. அப்புறம் வண்டிய ரிலீஸ் பண்ணி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வந்தப்ப போட்டோ எடுக்கணும்னு அண்ணன் என்னையும் கூட்டிட்டுப் போனாரு. வீலைக் கழட்டினா பிரேக் பேடுல தேயறதுக்கு இனிமே ஒண்ணுமே இல்ல, பின்னாடி இருக்குற இரும்புத் தகடுதான் மிச்சம். டிஸ்க்ல விரல வச்சா வரி வரியா தட்டுது. டப்பாவுல இருந்த பிரேக் ஆயில் டிகாஷன் கலர். மெக்கானிக் பையன் விளக்குனான், அந்த ஆயில் நாளாக நாளாக காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கும், மலை எறக்கத்துல பிரேக் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகி லைன்ல குமிழ் கட்டும், அப்ப எவ்ளோ மிதிச்சாலும் பெடல் உள்ள போகும், பிரேக் பிடிக்காது, அதனாலதான் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்றாங்கன்னு. பேடும் ஆயிலும் சேத்தா சில ஆயிரம் ரூவா, அவ்ளோதான். அதுக்குத்தான் அந்த ஸ்கூட்டர் பையன் கால் ஒடஞ்சுச்சு.

எனக்கு கோபம் எங்கன்னா, பிரேக் ஃபெயிலியர், டயர் வெடிச்சிருச்சுன்னு சொன்னாலே நாம எல்லாரும் விதின்னு எடுத்துக்கறோம். சட்டம் அப்படிச் சொல்லல. மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவ படிச்சுப் பாருங்க. கோளாறு இருக்குன்னு தெரிஞ்சோ, சாதாரணமா பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்ங்கற நிலைமைல இருக்குற வண்டிய ஓட்டுறவரு மட்டும் இல்ல, ஓட்ட விடுறவரும் குத்தவாளி. ஃபைன் 1,500 வரைக்கும், அதனால ஆக்சிடென்ட் ஆகி காயம்னா 3 மாசம் ஜெயில் இல்ல 5,000 ரூவா இல்ல ரெண்டுமே. (ரொம்பக் கம்மி, அது வேற விஷயம்.) அண்ணன் மேலயும் தப்பு இருக்கு, மறைக்கல, சத்தம் கேட்டதுமே சாவியக் குடுத்துட்டு இறங்கிருக்கணும். ஆனா ரெண்டு மாசமா தெரிஞ்சே வச்சிருந்த மனுசன் பேரு கேஸ்லயே இல்ல.

மும்பைல ஒரு லாரியோட ஆக்சில் ஷாஃப்ட் உடைஞ்ச கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 1977-லயே தெளிவா சொல்லிருக்கு, வெளிய தெரியாத கோளாறுன்னு சொல்லித் தப்பிக்கணும்னா வண்டிய ஒழுங்கா பராமரிச்சேன்னு ஓனர்தான் நிரூபிக்கணும். டயர் வெடிச்சது கடவுள் செயல்னு இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடின ஒரு கேஸ்ல பாம்பே ஹைகோர்ட் 2023-ல அதெல்லாம் கடவுள் செயல் இல்ல, மனுசனோட கவனக்குறைவுன்னு சொல்லிருச்சு. டயர் சைடுல நாலு நம்பர் இருக்கும், 2319-னா 2019-ல 23-வது வாரம் செஞ்சது. ட்ரெட், அதாவது டயர் மேல இருக்குற பள்ளத்தோட ஆழம், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ போயிட்டா மாத்தியே ஆகணும். எத்தனை பேரு குனிஞ்சு பாத்திருக்கோம்?

எஃப்சி, அதாவது வண்டி ஓட்டத் தகுதியா இருக்குன்னு குடுக்குற சர்டிபிகேட், இருந்தா போதும்னும் நினைக்காதீங்க. 2012-ல தாம்பரம் பக்கம் ஸ்கூல் பஸ் தரைல இருந்த ஓட்டை வழியா ரெண்டாங்கிளாஸ் குழந்தை விழுந்து செத்துச்சே, எஃப்சி வாங்கின பஸ்தான் அது. அதுக்கப்புறம்தான் ஸ்கூல் வண்டிக்குன்னு தனி ரூல்ஸே வந்துச்சு. வாடகைக்கு ஓடுற டி போர்டு வண்டிக்காவது 8 வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம் எஃப்சி. சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்குற ஓன் போர்டு காரை 15 வருஷம் வரைக்கும் பிரேக் பிடிக்குதான்னு கேக்க ஆளே கிடையாது.

அடிபட்டவங்களுக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்ல காசு வந்துரும், வரணும், அந்த ஸ்கூட்டர் பையன் சார்புலயும் விபத்து நஷ்டஈடு கேஸ விசாரிக்கிற ட்ரிப்யூனல்ல போட்டிருக்காங்க. ஆனா கம்பெனி கட்டிருமேங்கற தைரியத்துலதான் பல ஓனருங்க பேடு மாத்தாம ஓட்டுறாங்கன்னு எனக்குத் தோணுது. வண்டிய வித்துட்டோம்னு நிம்மதியா இருக்கறவங்களுக்கும் ஒண்ணு, ஆர்சில பேரு மாறலன்னா சட்டப்படி ஓனர் நீங்கதான், 2018-ல சுப்ரீம் கோர்ட் இதையும் சொல்லிருச்சு. சர்வீஸ் விட்டா பில்லு, ஜாப் கார்டு வாங்கி வைங்க. பேடு மாத்தினோம்னு காசு வாங்கிட்டு மாத்தாம விட்ட ஒர்க்‌ஷாப்ப கன்ஸ்யூமர் கோர்ட்ல நிறுத்த அந்தப் பேப்பர்தான் வேணும்.

அண்ணன் கேஸ் இன்னும் நடக்குது. வாய்தா இல்லாத நாள்ல டூட்டிக்குப் போறாரு. இப்பல்லாம் சாவி வாங்கினதும் செல்போன் டார்ச் அடிச்சு பிரேக் ஆயில் பாக்குறாரு, நாலு டயரையும் போட்டோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்ல அனுப்பிட்டுத்தான் ஸ்டார்ட் பண்றாரு. போன வாரம் ஒருத்தர் அதப் பாத்துட்டு வேற டிரைவர் பாத்துக்கறேன்னு சாவிய திருப்பி வாங்கிட்டாரு. 900 ரூவா பேட்டா போச்சு. அண்ணன் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துட்டாரு.