ஓடும் பைக்கில் பேட்டரி வயரைக் கழற்றாதீர்கள்

"இன்ஜினை ஓடவிட்டு பேட்டரி வயரைக் கழற்றுங்கள். வண்டி அணையாவிட்டால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது" என்று ஒரு யோசனை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

பல பழைய கார்புரேட்டர் வண்டிகளில் ஸ்பார்க்குக்கான மின்சாரம், இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் மேக்னட்டில் உள்ள தனிக் காயிலிலிருந்து வரும். சார்ஜிங் முழுதாகச் செத்திருந்தாலும் இன்ஜின் ஓடும். எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டியில் நிலைமை மோசம்: வோல்டேஜ் ஏற்றத்தைத் தாங்கிக்கொள்வதே பேட்டரிதான். அதைப் பிரித்ததும் வோல்டேஜ் எகிறி, சார்ஜிங் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், இன்ஜினை இயக்கும் கணினியான ஈசியு, பல்புகள் எல்லாம் போகலாம். ஒரு வயரைக் கழற்றிப் பார்த்ததற்கு இத்தனை செலவா?

சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டி சில மணி நேரம் நின்றபின் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். பிறகு இன்ஜினை ஓட்டி, ஆக்சிலேட்டரை நன்றாக முறுக்கிப் பாருங்கள். பொதுவாக 13.5 முதல் 14.5 வரை வரவேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் மேல் சந்தேகப்படலாம்.

வோல்டேஜ் ஏறவே இல்லையென்றால், முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டேட்டர் (மின்சாரம் உண்டாக்கும் காயில்) வயர்கள் இணையும் கப்ளரைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, உள்ளே பின் கருகியிருந்தால் கோளாறு அங்கேயே இருக்கலாம். மூன்று மஞ்சள் வயர் உள்ள வண்டியில், கப்ளரைப் பிரித்த நிலையில் இன்ஜினை ஓட்டி, ஸ்டேட்டர் பக்கத்து வயர்களில் இரண்டிரண்டாக ஏசி வோல்ட் அளந்தால் மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். இன்ஜினை அணைத்தபின் எந்த மஞ்சள் வயருக்கும் வண்டியின் உலோகப் பாடிக்கும் மீட்டர் மின் தொடர்பு காட்டக்கூடாது. காட்டினால் காயில் எரிந்திருக்கலாம். இதையெல்லாம் பார்க்காமல் புதுப் பேட்டரி வாங்காதீர்கள், அதுவும் சில நாளில் இறங்கிவிடும்.